ஒரு குரல் போதும்: காதில் கேட்ட மர்மம், காதல், மாயம்

தமிழில் ஒலிப்புத்தகம் ஒன்றைப் பாராட்டுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று விஷயங்களைச் சொல்கிறார்கள். எத்தனை பேர் குரல் கொடுத்திருக்கிறார்கள், பின்னணி இசை எவ்வளவு பிரமாதம், "கண்ணை மூடினா சினிமா பார்த்த மாதிரியே இருந்துச்சு". சில வருஷமாக விடாமல் கேட்டுவருகிறவன் என்ற முறையில் எனக்கு இந்த மூன்று பாராட்டின் மேலும் சந்தேகம் உண்டு. இந்தக் குறிப்பு அந்தச் சந்தேகத்தைப் பற்றியது.

சொல்லவருவது ஒன்றுதான். மர்மக் கதை, காதல் கதை, மாயக் கதை மூன்றுமே எதையோ மறைத்து வைத்துக்கொண்டு நடக்கிற கதைகள். மர்மக் கதை 'யார்' என்பதை மறைக்கிறது. காதல் கதை மனசில் இருப்பதை மறைக்கிறது. மாயக் கதை, 'இதெல்லாம் நடக்குமா?' என்ற கேள்வியை நம்மிடமிருந்து மறைக்கிறது. படிக்கிற குரலுக்கு முதல் வேலை அந்த மறைப்பைக் காப்பது. பல குரல் நாடகமாக்கினால் பெரும்பாலும் அது உடைந்துபோகிறது.

நான் கேட்பது இரண்டு இடங்களில். லாஸ்பேட்டை ஹெலிபேட் மைதானத்தில் சாயங்காலம் நடக்கும்போது காதில் மாட்டிக்கொண்டு. ராத்திரி வீட்டில் சின்ன ஸ்பீக்கரில், அத்தையோடு சேர்ந்து. அத்தைக்குச் சர்க்கரையால் பார்வை மங்கிவிட்டது. ஒரு காலத்தில் வாடகை நூலகத்திலிருந்து வாரத்துக்கு நாலு நாவல் கொண்டுவந்து முடித்தவர். இப்போது மருந்து அட்டையில் இருக்கிற பெயரைக்கூட நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். எனக்கு ஒலிப்புத்தகம் ஒரு கூடுதல் வசதி. அவருக்கு அது மட்டும்தான் புத்தகம். மோசமாகப் படித்த ஒரு நாவலால் எனக்குப் போவது அரை மணி நேரம். அவருக்கு அந்த நாவலே போச்சு. அதனால்தான் 'இலவசமா கெடைக்குது, இதுல இன்னா கொற சொல்றது' என்று விட்டுவிட முடியவில்லை.

காது பழகிய விதம்

நம் காது எதில் பழகியது என்று முதலில் பார்க்கலாம். வானொலி நாடகம் ஒன்று. ஆகாசவாணி நாடகங்களையும் இலங்கை வானொலி நாடகங்களையும் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. இன்னொன்று சினிமா ஒலிச்சித்திரம். 'திருவிளையாடல்' வசனம் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் ஓடியதை நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. 1984-ல் வந்த 'விதி' படத்தின் வசன கேசட் டீக்கடை டீக்கடையாக ஓடியது. கோர்ட் காட்சியைப் படத்தில் பார்த்ததை விடக் கேசட்டில் கேட்டவர்கள் அதிகம் என்றுகூடத் தோன்றும்.

ஆகவே நமக்குக் 'கேட்கிற கதை' என்றால் நாடகம். சண்டை, அழுகை, சவால், கைதட்டல் எல்லாம் வெளியே தெரிய வேண்டும். ஒலிப்புத்தகம் தயாரிக்கிறவர்களும் இதே காதோடு வளர்ந்தவர்கள்தான். நாவலை எடுத்ததும் பாத்திரங்களைப் பிரித்து ஆளுக்கு ஒரு குரல் கொடுத்துவிடுகிறார்கள். வசனம் மட்டுமே உள்ள நாடகத்துக்கு இது சரி. நாவலில் பாதிக்கு மேல் எழுதியவருடைய பேச்சு. அதை 'இணைப்புரை' மாதிரி அவசரமாகப் படித்துவிட்டு வசனத்துக்கு ஓடுவதுதான் கோளாறு.

மர்மம்: 'அந்த உருவம்' யாருடைய குரலில் பேசும்?

தமிழில் மர்மக் கதை எழுதுவதில் இலக்கணமே ஒரு இடைஞ்சல். நம் வினைச்சொல் ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுத்துவிடும். கதவைத் திறந்தான் என்றால் சந்தேகப் பட்டியலில் பாதிப் பேர் விடுதலை. திறந்தாள் என்றால் மீதிப் பேர். 'திறந்தார்' என்று போட்டால் தப்பிக்கலாம், ஆனால் கொலைகாரனுக்கு யார் மரியாதை கொடுப்பார்கள்?

நம் ஆட்கள் கண்டுபிடித்த வழிதான் 'அந்த உருவம்'. உருவம் மதில் தாண்டிக் குதித்தது, உருவம் சிரித்தது, உருவம் கத்தியைத் துடைத்தது. பாக்கெட் நாவல் படித்தவர்களுக்கு இந்த உருவத்தை நன்றாகத் தெரியும். கிண்டல் செய்யவும் செய்திருப்போம். ஆனால் அஃறிணையில் ஆளை ஒளித்துவைக்கிற அந்தத் தந்திரம் தமிழுக்கென்றே உருவானது. தாளில் அது ரொம்ப நன்றாக வேலை செய்கிறது.

இதைப் பல குரலில் நாடகமாக்கினால்? உருவம் போனில் இரண்டு வரி பேச வேண்டும். யாராவது ஒரு நடிகர் பேசித்தான் ஆக வேண்டும். வேறு ஆளை வைத்துப் பேசவைத்தால் கடைசியில் குற்றவாளி பிடிபடும்போது 'அது இவர் குரலே இல்லையே' என்று கேட்கிறவர் ஏமாந்துபோவார். அதே நடிகரையே குரலை மாற்றிப் பேசச் சொன்னால் மூன்றாவது வார்த்தையில் அத்தை கண்டுபிடித்துவிடுவார். "இது அந்த டாக்டர் இல்ல? கொரல மாத்திப் பேசறான் பாரு." கதை முடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும்.

ஒரே ஆள் படித்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. டாக்டரும் அவர்தான், வேலைக்காரரும் அவர்தான், உருவமும் அவர்தான். எல்லாரும் ஒரே குரல் என்பதால் குரல் யாரையும் காட்டிக்கொடுக்காது. ஒற்றைக் குரலை ஏதோ பட்ஜெட் இல்லாதவர்களின் ஏற்பாடு என்று நினைக்கிறோம். மர்மக் கதைக்கு அதுதான் முறையான ஏற்பாடு.

ஆனால் அந்த ஒற்றைக் குரலுக்கும் சில ஒழுக்கங்கள் வேண்டும். படிப்பவருக்கு முடிவு தெரியும். தெரிந்ததை மறந்துவிட்ட மாதிரி படிக்க வேண்டும். முக்கியமான தடயம் வருகிற வரியில் நிறுத்தி, அழுத்தி, கொஞ்சம் மூச்சு விட்டுப் படித்தால் அது தடயம் என்று பறைசாற்றிய மாதிரி. எழுதியவர் அந்த வரியைக் காய்கறி வாங்குகிற வர்ணனைக்கு நடுவில் மெனக்கெட்டு ஒளித்துவைத்திருப்பார்.

எழுத்தாளருக்கு எழுத்தாளர் சிக்கல் வேறு. 1,500-க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியிருக்கும் ராஜேஷ்குமாரின் கதைகள் பலவும் இரண்டு தடத்தில் ஓடிக் கடைசியில் சேர்பவை. தாளில் அத்தியாய எண்ணோ ஒரு நட்சத்திரக் குறியோ தடம் மாறுவதைச் சொல்லிவிடும். காதுக்கு நட்சத்திரம் தெரியாது. இரண்டு விநாடி மௌனம் கொடுக்காமல் தொடர்ந்து படித்தால் கோயம்புத்தூரில் காரில் ஏறியவர் திடீரென்று வேறு ஊரில் பிணத்துக்குப் பக்கத்தில் நிற்பார்.

சுஜாதாவின் சிக்கல் நேர் எதிர். கணேஷும் வசந்தும் பேச ஆரம்பித்தால் 'என்றான்' என்பதே பத்து வரிக்கு வராது. தாளில் வரி மாறுவதை வைத்தே யார் பேசுகிறார்கள் என்று தெரியும். காதில் இரண்டு பேருக்கும் இடையே மெல்லிய வித்தியாசமாவது வேண்டும். வசந்த் கொஞ்சம் வேகம், கணேஷ் கொஞ்சம் நிதானம், அது போதும். வசந்தைக் கோமாளியாக்கினால் போச்சு. அவன் தமாஷ் பேசுகிறபோதே மூளை வேலை செய்துகொண்டிருக்கும். படியில் இறங்குவதைக் காட்ட எழுத்துகளையே படிப்படியாக இறக்கி அச்சடிக்கவைத்தவர் சுஜாதா. அதை எந்தக் குரலும் படிக்க முடியாது. சில எழுத்து கண்ணுக்கு மட்டும்தான் என்று ஒத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

காதல்: சொன்னாளா, நினைத்தாளா?

காதல் நாவல் என்றால் தமிழில் ரமணிசந்திரன் பெயரைச் சொல்லாமல் பேச முடியாது. அவரைப் படிக்காதவர்கள்தான் அவரை அதிகம் கேலி செய்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். அந்தக் கதைகளின் எந்திரம் எளிமையானது. நாயகிக்குத் தன்மானம் அதிகம், நாயகனுக்குக் கோபம் அதிகம், இடையில் ஒரு தப்பர்த்தம். ஒருவர் ஒரு வாக்கியம் வாய்விட்டுச் சொன்னால் கதை முடிந்துவிடும். அந்த வாக்கியத்தை இருநூறு பக்கம் சொல்லவிடாமல் வைத்திருப்பதுதான் வித்தை.

இங்கே காதுக்கு வருகிற சிக்கல், பேச்சுக்கும் நினைப்புக்கும் உள்ள வித்தியாசம். தாளில் பேச்சுக்கு இரட்டை மேற்கோள், நினைப்புக்கு ஒற்றை மேற்கோள். 'இவனுக்கு என்ன திமிர்' என்பது அவள் மனசுக்குள் சொன்னது. கேட்கிறவருக்கு மேற்கோள் குறி தெரியாது. அவன் முகத்துக்கு நேரே சொன்ன மாதிரியே படித்தால், அடுத்த வரியில் அவன் அமைதியாகக் காபி குடிப்பது விநோதமாக இருக்கும். கதையே சொல்லாமல் விட்டதைப் பற்றியது. சொன்னது எது, சொல்லாதது எது என்று குழம்பினால் மிச்சம் ஒன்றுமில்லை. நினைப்பு வரும்போது குரலை ஒரு படி இறக்கினால் போதும். அப்படிப் படிக்கிற சிலர் இருக்கிறார்கள். அவர்கள் பெயரைப் பார்த்து நாவலைத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்துவிட்டேன், எழுதியவர் பெயரைப் பார்த்தல்ல.

அடுத்தது ஆண்கள் பெண் பேச்சைப் படிப்பதும் பெண்கள் ஆண் பேச்சைப் படிப்பதும். அத்தையின் கேள்வி: "இன்னாப்பா இவன், பொம்பள பேசறான்னா மூக்காலயே பேசறான்? எந்த வூட்டுல பொம்பள இப்பிடிப் பேசறா?" நியாயமான கேள்வி. பெண் குரலை நடிக்க வேண்டியதில்லை. பெண் பேசுகிற வாக்கியத்தைப் புரிந்துகொண்டு படித்தாலே அது பெண் பேச்சாகக் கேட்கும். காதல் காட்சியில் வயலின் போடுவதும் இதே ரகம். அவளுக்கே இன்னும் தெரியாத ஒன்றை வயலின் முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறது.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மர்ம நாவலை ஒன்றேகால் வேகத்தில் ஓடவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை. காதல் நாவலை அப்படிக் கேட்டுப்பாருங்கள், இரண்டு பேரும் சண்டை போடுகிற மாதிரி இருக்கும். அந்தக் கதைகளில் பாதி அர்த்தம் வாக்கியங்களுக்கு நடுவே இருக்கிற இடைவெளியில் இருக்கிறது.

ஒலிப்புத்தகம் செய்கிற ஒரு நல்ல காரியமும் இங்கேதான். படிக்கும்போது நாம் தாவுவோம். கேட்கும்போது தாவ முடியாது. ஆகவே எந்தப் பக்கம் வெறும் அடைப்பு என்று காது உடனே சொல்லிவிடும். சாண்டில்யனின் 'கடல் புறா' எனக்கு இப்படித்தான் பிடிபட்டது. இளையபல்லவன் கப்பலில் இருக்கிறவரை அந்த நாவல் பறக்கிறது. காற்று, பாய், எதிரிக் கப்பல், வியூகம் எல்லாம் கேட்கக் கேட்க நன்றாக இருக்கிறது. காஞ்சனாதேவியோ மஞ்சளழகியோ அறைக்குள் நுழைந்ததும் வர்ணனை ஆரம்பித்துவிடும். தாளில் கண் லேசாக நழுவிப்போகும் அந்தப் பத்திகளை ஒருவர் கணீரென்ற குரலில், கூடத்தில், அத்தை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கும்போது வாசித்தால் தர்மசங்கடத்துக்கு அளவில்லை. "சரி சரி, கப்பலுக்குப் போவச் சொல்லு" என்றார். விமர்சனமாக இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

மாயம்: நம்புகிற குரல்

தமிழில் மாயக் கதைக்குத் தனி அலமாரி இல்லை என்று சொல்வார்கள். அலமாரி இல்லை, கதை இருக்கிறது. விக்கிரமாதித்தன் தோளில் தொங்கிக்கொண்டு கதை சொல்கிற வேதாளத்தைவிட நல்ல கதைசொல்லி யார்? அந்த அமைப்பையே பாருங்கள். சுற்றிலும் இருட்டு, காதுக்குப் பக்கத்தில் ஒரே குரல். கேட்கிறவன் பேசக் கூடாது. பேசினால் வேதாளம் முருங்கை மரத்துக்குத் திரும்பிவிடும். பதில் தெரிந்தும் சும்மா இருந்தால் தலை வெடித்துவிடும். ஒலிப்புத்தகம் கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான உவமை நம்மிடம் இல்லை.

லாஸ்பேட்டைக்குப் பக்கத்திலேயே இன்னொன்று இருக்கிறது. கருவடிக்குப்பத்துத் தோப்பு. பாரதி 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்தபோது 'குயில் பாட்டு' பிறந்த இடம் என்று இந்த ஊர் அதைக் கொண்டாடுகிறது. அந்தக் கதையைக் கொஞ்சம் யோசித்துப்பாருங்கள். தோப்பில் ஒரு குயில் பேசுகிறது, காதலைச் சொல்கிறது. பிறகு குரங்கிடமும் மாட்டிடமும் அதே காதலைச் சொல்வதைக் கேட்பவர் கேட்டுவிடுகிறார். ஏன் என்பது புதிராக நிற்கிறது. முற்பிறவிக் கதையில் அதற்கு விடை வருகிறது. கடைசியில் எல்லாம் கற்பனைக் கனவு என்று தெரிகிறது. மாயம், காதல், மர்மம் மூன்றும் ஒரே கதையில். அதிலும் கதாநாயகர் செய்கிற முக்கியமான வேலை காது கொடுத்துக் கேட்பதுதான்.

மாயக் கதையைப் படிக்கும்போது செய்யக் கூடாத ஒன்று, மாயத்தை நடித்துக் காட்டுவது. வேதாளத்துக்குக் கரகரத்த எதிரொலிக் குரல் கொடுத்ததும் அது குழந்தைகள் நிகழ்ச்சி ஆகிவிடுகிறது. ஊரில் பேய்க்கதை சொன்ன கிழவிகள் யாரும் பேய்க் குரலில் பேசியதில்லை. ரேஷன் கடைக்குப் போய்வந்த கதையைச் சொல்கிற அதே குரலில் புளியமரத்தடியில் நின்றவளைப் பற்றியும் சொன்னார்கள். அதனால்தான் ராத்திரி கொல்லைப்பக்கம் போகப் பயந்தோம்.

சத்தமே கூடாது என்று சொல்லவில்லை. இந்திரா சௌந்தர்ராஜனின் 'விடாது கருப்பு' 90-களில் சன் டி.வி.யில் மர்மதேசம் வரிசையில் வந்தபோது குதிரைக் குளம்படிச் சத்தம் கேட்டாலே எங்கள் தெருவில் பிள்ளைகள் அம்மா மடிக்கு ஓடும். அந்தச் சத்தம் எதையும் விளக்கவில்லை. குதிரை நிஜமா, சாமியா, மனுஷனா என்ற கேள்வியைப் பெரிதாக்கியது. இசையோ சத்தமோ கேள்வியை வளர்த்தால் சரி. பதிலைச் சொன்னால் தப்பு.

மூன்றும் சேர்ந்த ஒரு புத்தகம்

'பொன்னியின் செல்வன்' இல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 1950 முதல் 1954 வரை கல்கி பத்திரிகையில் தொடராக வந்த இந்த ஐந்து பாக நாவலைத்தான் தமிழில் அதிகம் பேர் குரலில் படித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். யூடியூபில் தேடினால் தெரியும். காரணம் சட்டம். கல்கி 1954-ல் மறைந்தார். அவர் எழுத்து ஏற்கெனவே நாட்டுடைமை. ஆசிரியர் இறந்து 60 ஆண்டு என்ற காப்புரிமைக் கணக்கும் 2014-உடன் முடிந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். 2022-ல் மணிரத்னம் படம் வந்த பிறகு இன்னும் கூடிவிட்டது.

பாம்பே கண்ணன் பல கலைஞர்களை வைத்து இதை முழுவதுமாக ஒலிவடிவில் கொண்டுவந்ததைச் சொல்லியாக வேண்டும். பல குரலுக்கு எதிராகப் பேசுகிற நானே அதை ரசித்தேன். இத்தனை பாத்திரங்களைப் புதிதாகக் கேட்கிறவர் நினைவில் வைத்துக்கொள்ளத் தனித்தனிக் குரல் பெரிய உதவி. ஆழ்வார்க்கடியான் வைஷ்ணவச் சண்டை போடுகிற இடங்கள் நாடகமாகத்தான் சோபிக்கும்.

ஆனால் கடம்பூர் மாளிகைக்கு வாருங்கள். ஆதித்த கரிகாலன் சாகிற இரவு. யார் குத்தியது? கல்கி பலர் மேல் சந்தேகம் விழும்படி எழுதி, திட்டவட்டமான தீர்ப்புத் தராமலே விட்டார். எழுபது வருஷமாக வாசகர்கள் சண்டை போட்டுக்கொண்டிருப்பது அதனால்தான். அந்த இருட்டில் யாருடைய காலடி எங்கே கேட்டது, முனகியது யார் என்று சத்தம் போட்டுக் காட்டுகிற எந்தத் தயாரிப்பும் அந்தத் தீர்ப்பைத் தானே எழுதிவிட வேண்டியிருக்கும். ஒரே குரலில் படிப்பவருக்கு அந்தக் கஷ்டம் இல்லை. கல்கி விட்ட இருட்டை அப்படியே விட்டுவிடலாம்.

இன்னொன்றும் உண்டு. கல்கி 'வாசகர்களே' என்று கூப்பிட்டுப் பேசுகிறவர். கதையை நிறுத்தி நம் கையைப் பிடித்து வேறு இடத்துக்குக் கூட்டிப்போகிறவர். அந்த நாவலின் மிக முக்கியமான பாத்திரம், என்னைக் கேட்டால், வந்தியத்தேவன் இல்லை, அந்தக் குரல்தான். அதைப் பொறுமையாக, லேசான குறும்போடு படிக்கத் தெரிந்தவர் கிடைத்தால் குந்தவையும் நந்தினியும் தானாக வந்துவிடுவார்கள்.

எந்திரக் குரல்

இப்போது கணினியே படிக்கிற ஒலிப்புத்தகங்களும் வந்துவிட்டன. மலிவு, வேகம். நம் எழுத்து இதற்கு ஒரு பொறி வைத்திருக்கிறது. 'பாவம்' என்று எழுதினால் பரிதாபமா, நாட்டியத்தில் வரும் பாவமா? எழுத்து ஒன்று, உச்சரிப்பு இரண்டு. சூழல் புரிந்தால்தான் சரியாக வரும். நாங்கள் கேட்ட ஒரு காதல் நாவலில் நாயகி முகத்தில் 'பாவம்' மாறிய இடத்தில் எல்லாம் பரிதாபம் மாறியது. அத்தை ஒரு அத்தியாயத்தோடு நிறுத்தச் சொல்லிவிட்டார். "இதுக்குப் புரியாமயே படிக்குது" என்பது அவர் தீர்ப்பு. மனுஷர்களிலும் அப்படிப் படிக்கிறவர்கள் உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

அடுத்து எதைப் படிக்கலாம்

குரல் நன்றாக உள்ளவர்கள், நேரம் உள்ளவர்கள், இன்னும் ஒரு பொன்னியின் செல்வன் வேண்டாம். காப்புரிமை முடிந்த மர்மமும் காதலும் தமிழில் நிறையக் கிடக்கின்றன. வடுவூர் துரைசாமி ஐயங்கார் 1942-லேயே மறைந்தவர். அவருடைய 'மேனகா'வும் 'கும்பகோணம் வக்கீ'லும் திகம்பர சாமியாரோடு காத்திருக்கின்றன. வாக்கியம் நீளம், சம்ஸ்கிருதம் அதிகம். மூச்சுப் பிடித்துப் படிக்க வேண்டும். 1957-ல் மறைந்த தேவனின் துப்பறியும் சாம்பு, அசட்டுத்தனத்தால் துப்புக் கண்டுபிடிக்கிறவர். நடிக்காமல் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு படிக்கிறவருக்கு அவர் ஒரு வரம்.

எல்லாருக்கும் முன்னால் நான் கேட்க விரும்புவது வை.மு. கோதைநாயகி அம்மாளை. 115 நாவல்கள். 'ஜகன்மோகினி' பத்திரிகையைப் பல ஆண்டுகள் நடத்தியவர். சின்ன வயதில் கல்யாணம் ஆன அவருக்கு ஆரம்பத்தில் எழுதவே வராது. முதல் படைப்பான 'இந்திர மோகனா' நாடகத்தை அவர் வாயால் சொல்லச் சொல்ல, பட்டம்மாள் என்ற தோழி எழுதினார். அதாவது அந்தக் கதை முதலில் குரலாகத்தான் இருந்தது. தாளுக்கு வந்தது பிறகு. 1960-ல் அவர் மறைந்தார். 60 ஆண்டுக் கணக்கு 2020-உடன் முடிந்துவிட்டது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

யாராவது ஒரு ஆள், ஒரு மைக், பின்னணி இசை இல்லாமல் அவருடைய ஒரு நாவலைப் படித்துப் போட்டால் சொல்லுங்கள். முதல் அத்தியாயத்தை நானும் அத்தையும் அன்றைக்கு ராத்திரியே கேட்டுவிடுவோம்.